சங்கிலி அறுந்தது யார் தவறு? வீதிக்கு ஓடிய நாயும் விழுந்த மோட்டார் சைக்கிளும்

ஹட்டன்–தலவாக்கலை வீதியோரத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் 52 வயதுத் தாய் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றி, சுருக்கமாகத் தருகிறோம்.

இவருடைய வீடு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பரா. வாசற்படியிலிருந்து பிரதான வீதி பன்னிரண்டு அடிதான். மூன்று வருடங்களுக்கு முன் குட்டியாக வந்து சேர்ந்த ஆண் நாய் ஒன்று இவர் வாசலிலேயே வளர்கிறது. “லயத்து நாய்தான், சோறு மட்டும் நான் போடுவேன்” என்கிறார். ஆனால் தடுப்பூசி அட்டை இவர் பெயரில் இருக்கிறது. பொழுது சாய்ந்தால் சங்கிலியில் கட்டுவதும் இவர்தான். சங்கிலியின் கொக்கி ஏற்கனவே இரண்டு தடவை கழன்றதால் கட்டுக்கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்.

ஐந்து வாரங்களுக்கு முன், மாலை ஆறேகால் மணியளவில், பனிமூட்டமும் தூறலுமாக இருந்த நேரத்தில் கம்பி பிரிந்து நாய் வீதிக்குப் பாய்ந்தது. தலவாக்கலைப் பக்கமிருந்து வந்த மோட்டார் சைக்கிளின் முன்சில் நாயில் பட்டு, கடையொன்றில் வேலை செய்யும் 24 வயது இளைஞர் விழுந்தார். அவருக்குத் தோள்பட்டைக் காறை எலும்பு முறிவு. அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். நாய்க்குப் பின்னங்கால் அடிபட்டது. நாய் சைக்கிளைத் துரத்திக் குரைத்தது என்கிறார் பக்கத்துக் காம்பராக்காரர். துரத்தவில்லை, இடப்பக்கமிருந்து குறுக்கே ஓடியது என்கிறார் பின்னால் வந்த ஓட்டோ சாரதி.

மறுநாளே இவர் சீட்டுக் காசிலிருந்து 25,000 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். பணம் பெற்றதற்கான துண்டு எதுவும் வாங்கவில்லை. இரண்டு வாரம் கழித்து இளைஞரின் மாமனார் வந்து 375,000 ரூபாய்க்கு ஒரு கணக்கை நீட்டியிருக்கிறார். சிங்களத்தில் எழுதிய ஒரு கடதாசியில் கையொப்பம் கேட்டிருக்கிறார். போடாவிட்டால் பொலிஸ் கேஸில் உள்ளே போக வேண்டி வரும், தோட்டக் காரியாலயத்தில் சொல்லிச் சம்பளத்திலும் வெட்ட வைப்போம் என்றும் சொல்லியிருக்கிறார். கொழும்பில் வேலை செய்யும் மகனோ, “நாய் செஞ்சதுக்கு மனுசன் பொறுப்பா? அது நம்ம நாய் இல்லைன்னு சொல்லிடு” என்கிறாராம். பணத்தைக் கட்ட வேண்டுமா, சிறைக்குப் போக வேண்டி வருமா, நாயை வேறு தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாமா, லயத்துக்குப் பின்னால் பட்டியில் நிற்கும் இரண்டு மாடுகளால் நாளைக்கு இதே வினை வருமா என்று கேட்டிருக்கிறார்.

சட்டத்தரணியின் பதில்

அம்மா, முதலில் அந்தக் கடதாசியில் கையொப்பம் போடாதீர்கள். மிச்சத்தையெல்லாம் ஆற அமர யோசிக்கலாம். “இவ்வளவு தருகிறேன்” என்று எழுதி ஒப்பமிட்டுவிட்டால், பிறகு வழக்கு நாயைப் பற்றியதாக இராது. அது நீங்கள் எழுதிக்கொடுத்த கடனைப் பற்றியதாகிவிடும். நட்டம் எவ்வளவு, தவறு யார் பக்கம் எவ்வளவு என்ற கேள்விகளே அதன்பின் எழும்பாமல் போகலாம். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியிருந்தால் “வாசித்துக் காட்டுங்கள், தமிழில் எழுதித் தாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்வதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவும் அல்ல.

இரண்டாவதாக, உங்கள் மகன் சொன்னது சரியல்ல. உங்கள் மேலுள்ள பாசத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் அதை நம்பி நடந்தால் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

நாய் செய்ததற்கு ஆள் எப்படிப் பொறுப்பாகிறார்?

இலங்கையில் இப்படியான நட்டஈட்டு விடயங்களை, ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன்–டச்சுச் சட்டம் ஆளுகிறது. வளர்ப்பு விலங்கால் தீங்கு வந்தால் பாதிக்கப்பட்டவருக்கு அது இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது.

ஒன்று கவனயீன வழி. விலங்கை வைத்திருப்பவர், “இது வீதிக்குப் பாயலாம், பாய்ந்தால் யாராவது விழலாம்” என்று முன்கூட்டியே உணரக்கூடிய நிலையில் இருந்தும், நியாயமான ஓர் ஆள் செய்யக்கூடிய ஏற்பாட்டைச் செய்யாமல் விட்டிருந்தால் அவர் பொறுப்பு. இதை நிரூபிக்க வேண்டியது வழக்குப் போடுபவர். நாய் உங்களுக்குச் சொந்தமா என்பதை விட, அது உங்கள் கட்டுப்பாட்டில் இருந்ததா என்பதுதான் இங்கே முக்கியம்.

மற்றது மிகப் பழைய வழி. உரிமையாளரிடம் எந்தத் தவறும் இல்லாவிட்டாலும், வளர்ப்பு விலங்கு தன் இனத்தின் சாந்தமான இயல்பை மீறி, தானாகவே மூர்க்கப்பட்டுத் தீங்கு செய்தால் உரிமையாளர் பொறுப்பு என்பது அதன் சாரம். யாரும் சீண்டாமலே நாய் பாய்ந்து கடிப்பது இதற்கு நேரான உதாரணம். பாதிக்கப்பட்டவரே சீண்டியிருந்தால், வேறொருவரோ வேறொரு விலங்கோ தூண்டியிருந்தால், அல்லது பாதிக்கப்பட்டவர் நிற்க உரிமையில்லாத இடத்தில் நின்றிருந்தால் இந்த வழி அடைபடும்.

உங்கள் பக்கத்துக் காம்பராக்காரரும் ஓட்டோ சாரதியும் வேறு வேறாகச் சொல்வது ஏன் முக்கியம் என்பது இப்போது விளங்கும். நாய் ஒன்று வீதியைக் கடந்து ஓடுவது நாயின் இயல்புக்கு மாறானது என்று சொல்வது கஷ்டம். அப்படியானால் இரண்டாவது வழி பலவீனம். கவனயீனத்தைத்தான் காட்ட வேண்டும். ஓடும் சைக்கிளைத் துரத்தி ஓட்டுபவரின் காலுக்குப் பாய்ந்திருந்தால், அந்த இரண்டாவது வழிக்கும் வலு வந்துவிடும். அதனால் கண்டதைக் கண்டபடி சொல்லும்படி இருவரிடமும் கேளுங்கள். யாருக்கும் வார்த்தை சொல்லிக் கொடுக்காதீர்கள். சொல்லிக் கொடுத்த சாட்சி குறுக்கு விசாரணையில் நிற்காது.

“லயத்து நாய்தான்” என்ற வாதம்

சோறு போடுவதால் மட்டும் ஒருவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். லயத்தில் பத்து வீடு சோறு போடும் நாய்களுக்கு உரிமையாளர் என்று ஒருவரைக் காட்டுவது உண்மையிலேயே கடினம். ஆனால் உங்கள் விடயம் அப்படியல்ல. தடுப்பூசி அட்டையில் உங்கள் பெயர் இருக்கிறது. மூன்று வருடமாக உங்கள் வாசலில் படுக்கிறது. பொழுது சாய்ந்தால் நீங்கள் கட்டுகிறீர்கள். நீதிமன்றம் இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் “இது இவருடைய நாய்” என்றுதான் முடிவெடுக்கும். நீங்கள் இல்லை என்று மறுத்து, அந்த அட்டை வெளியே வந்தால், நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளையும் யாரும் நம்பமாட்டார்கள். பனிமூட்டம், சைக்கிளின் வேகம் போன்ற உங்களுக்குச் சாதகமான விடயங்களும் அதோடு அடிபட்டுப் போகும். நாய் உங்களுடையது என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். நாய் உங்களுடையது என்பதனாலேயே முழு நட்டமும் உங்கள் தலையில் விழுந்துவிடாது.

நாய்களை வருடந்தோறும் உள்ளூராட்சி மன்றத்தில் பதிய வேண்டும் என்று 1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. மலையகத்தில் பலர் தடுப்பூசி போடுவதோடு நின்றுவிடுகிறார்கள். பதிவு வேறு, தடுப்பூசி வேறு. பதியாமல் விட்டது தனியான ஒரு குற்றம். ஆனால் பதியாத காரணத்தால் மட்டும் இந்த விபத்துக்கு நீங்கள் பொறுப்பாகிவிடுவதில்லை. பிரதேச சபையில் இப்போதே பதிந்துவிடுங்கள்.

உங்கள் பக்கத்தில் பலவீனமான இடம்

இதை மறைக்காமல் சொல்கிறேன். கொக்கி ஏற்கனவே இரண்டு தடவை கழன்றது உங்களுக்குத் தெரியும். புதிதாக வாங்கிய நல்ல சங்கிலி திடீரென்று அறுந்திருந்தால், “செய்யக்கூடியதைச் செய்திருந்தேன்” என்று நீங்கள் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம். தெரிந்தே கட்டுக்கம்பியால் ஒப்பேற்றி வைத்தது வேறு. கட்டுக்கம்பி மெல்லிய மென்கம்பி. நாய் இழுக்க இழுக்க ஒரே இடத்தில் வளைந்து நிமிர்ந்து களைத்துப் பிரிந்துவிடும். மழையில் துருவும் பிடிக்கும். வீதி பன்னிரண்டு அடியில் இருக்கும்போது இந்த ஏற்பாடு போதாது என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சொன்னால், அதற்குப் பதில் சொல்வது எனக்கும் கஷ்டம். ஆகவே “ஒரு சதமும் தரமாட்டேன்” என்ற நிலைப்பாட்டை நான் உங்களுக்குச் சொல்லித் தரமாட்டேன்.

அந்த இளைஞரின் பங்கு

ஆனால் கதை அங்கே முடிவதில்லை. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவரும் தன் கவனயீனத்தால் விபத்துக்குக் காரணமாக இருந்தால், அவருடைய தவறின் அளவுக்கு நட்டஈட்டைக் குறைக்க வேண்டும். தவறு இரு பக்கமும் இருப்பதால் வழக்கு தள்ளுபடியாகாது. முழுத் தொகையும் கிடைக்காது.

மலைப்பாதையில் இதை அளக்கும்போது சில கேள்விகள் தானாக எழும். பனிமூட்டத்தில் எவ்வளவு தூரம் தெரிந்தது? தெரிகிற தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் வந்தாரா? முன்விளக்கு எரிந்ததா? இருபுறமும் லயங்கள் உள்ள இடம் என்பது அந்த வழியால் தினமும் வேலைக்குப் போகிறவருக்குத் தெரியாதா? தூறல் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் தாரில் படிந்த எண்ணெயும் தூசியும் ஈரத்தோடு சேர்ந்து வழுக்கும். அப்போது முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சில் பூட்டிக்கொண்டு சைக்கிள் சரியும். நாயில் பட்டு விழுந்தாரா, நாயைக் கண்டு பிரேக்கை இறுக்கியதில் விழுந்தாரா என்பது இங்கே ஒரு பெரிய வித்தியாசம். முன்சில்லு, மட்கார்ட், ஹேண்டில் ஆகியவற்றில் என்ன சேதம், எந்தப் பக்கம் உரசல் என்று பார்த்தால் பாதி பதில் கிடைக்கும். திருத்துவதற்கு முன் எடுத்த படங்கள் இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

ஹெல்மெட் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது தலைக்காயத்துக்குத்தான் பொருந்தும். முறிந்தது காறை எலும்பு. ஹெல்மெட் போட்டிருந்தாலும் அது முறிந்திருக்கும். அதை வைத்து வாதாடிப் பயனில்லை. அதேபோல் அவரிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாவிட்டால் நட்டஈடே கேட்க முடியாது என்று ஊரில் சொல்வதும் பிழை. அது அவருக்கு எதிரான மோட்டார் வாகனச் சட்டக் குற்றம். உங்கள் கொக்கியின் தவறை அது அழித்துவிடாது.

சிறைக்குப் போக வேண்டி வருமா?

தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கோ உடலுக்கோ பாரதூரமான தீங்கு வராதபடி பார்த்துக்கொள்ளாமல் விடுவது தண்டனைச் சட்டக்கோவையில் ஒரு குற்றம்தான். எலும்பு முறிவு சட்டத்தில் பாரதூரமான காயமாகவே எண்ணப்படுகிறது. எனவே பொலிஸார் விசாரிப்பதில் தவறில்லை. விசாரித்துவிட்டு, ஓட்டியவரின் கவனயீனம்தான் காரணம் என்று அவர் மேலேயே வழக்குப் போடவும் அவர்களால் முடியும். ஆனால் நீங்கள் மிரட்டப்பட்டது போல, பணம் கட்டாவிட்டால் சிறை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நட்டஈடு சிவில் விடயம். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் பொலிஸ் நிலையத்துக்கு இல்லை. கூப்பிட்டுப் பேசிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

பொலிஸுக்கு அழைத்தால் போங்கள். போகாமல் ஒளிந்துகொள்வதுதான் பிரச்சினையைப் பெரிதாக்கும். வாக்குமூலத்தைத் தமிழில் பதியும்படி கேளுங்கள். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் ஒப்பமிடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்தில் வெட்டுவது பற்றிய மிரட்டலுக்கும் அடிப்படை இல்லை. யாரோ ஒரு வெளியாள் கேட்டார் என்பதற்காகத் தோட்ட நிர்வாகம் உங்கள் சம்பளத்திலிருந்து கழிக்க முடியாது. சட்டம் அனுமதித்த கழிவுகளைத்தான் கழிக்கலாம். அந்தச் சிங்களக் கடதாசியில் “சம்பளத்திலிருந்து கழிக்கச் சம்மதம்” என்ற வரி ஒளிந்திருக்கிறதா என்று நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு பார்ப்பது நல்லது.

அந்த 375,000 ரூபாய்க் கணக்கு

நீங்கள் அனுப்பிய பட்டியலில் சைக்கிள் திருத்தம் 140,000, நான்கு மாதச் சம்பளம் 160,000, மருந்து–போக்குவரத்து 35,000, கைபேசி 40,000 என்று இருக்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

திருத்தச் செலவுக்கு மதிப்பீட்டுத் தாளல்ல, கட்டிய பில் வேண்டும். விபத்தில் சேதமான பாகத்துக்குத்தான் நீங்கள் பொறுப்பு. கராஜுக்குப் போன கையோடு பழைய டயரையும் செயின் செட்டையும் மாற்றியிருந்தால் அது உங்கள் கணக்கில் வராது. நீங்கள் எழுதியிருப்பது முன்பக்கச் சேதம் மட்டும். அதற்கு 140,000 ஆனது எப்படி என்று பாகம் பாகமாகக் காட்டச் சொல்லுங்கள். சைக்கிளுக்கு முழுக் காப்புறுதி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். காப்புறுதிக் கம்பனி திருத்தச் செலவைக் கொடுத்திருந்தால் அதே பணத்தை உங்களிடமும் அவர் வாங்க முடியாது. கொடுத்த தொகையைக் கம்பனி உங்களிடம் கேட்கலாம் என்பது வேறு விடயம். மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால், அது பிறருக்கு வரும் தீங்குக்கானது. அவருடைய சொந்தக் காயத்துக்கும் சைக்கிளுக்கும் அதிலிருந்து எதுவும் வராது. அவர் உங்களிடம் வந்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காறை எலும்பு முறிவு பெரியவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் பொதுவாகப் பொருந்திவிடும். பாரம் தூக்கும் வேலைக்குத் திரும்ப இன்னும் கொஞ்சம் செல்லலாம். நான்கு மாதம் என்றால் வைத்தியரின் துண்டில் அது இருக்க வேண்டும். எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதியிருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு, லீவு நாட்களில் முதலாளி ஏதும் கொடுத்தாரா என்பதற்குக் கடையிலிருந்து கடிதமும் வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம் என்றாலும், வெளியே வாங்கிய மருந்து, கிளினிக்குக்குப் போய்வந்த ஓட்டோக் காசு ஆகியவை நியாயமானவை. வலிவேதனைக்காகவும் ஒரு தொகை கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. அவர் பட்டியலில் அதைக் கேட்கவில்லை, ஆனால் பேச்சின்போது எழலாம். கைபேசி உடைந்ததை நீங்களும் சாட்சிகளும் கண்டிருந்தால் சரி. காணாவிட்டால் உடைந்த கைபேசியைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பில்லோடு நிற்பது திருத்தம் 90,000, எட்டு வாரச் சம்பளம் 80,000, மருந்து–போக்குவரத்து 20,000 என்றால் மொத்தம் 190,000. அவருடைய தவறு நூற்றுக்கு நாற்பது என்று இணங்கினால் உங்கள் பங்கு 114,000. கொடுத்த 25,000ஐக் கழித்தால் 89,000. இது தீர்ப்பல்ல. 375,000க்கும் நியாயமான தொகைக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கக்கூடும் என்பதைக் காட்டுவதற்காகப் போட்ட கணக்கு.

அந்த 25,000க்கு இப்போதாவது துண்டு வாங்குங்கள். “விபத்து தொடர்பாக, உரிமைகளுக்குப் பாதகமின்றி, கணக்கில் கழிக்கும் நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது” என்று எழுதி, திகதியோடு அவர் ஒப்பமிட வேண்டும். மறுத்தால், கொடுக்கும்போது கூட நின்றவர் யார் என்பதைக் குறித்து வையுங்கள். விழுந்து கிடந்த பிள்ளைக்கு உதவியதை எந்த நீதிபதியும் குற்ற ஒப்புதலாக மட்டும் பார்க்கமாட்டார். நீங்கள் செய்தது நல்ல காரியம்.

பேசித் தீர்ப்பதற்கான சரியான இடம்

இவ்வளவு தொகைக்கான பணப் பிணக்கு என்பதால், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின்படி இது முதலில் மத்தியஸ்த சபைக்குப் போயாக வேண்டும். அங்கே இணக்கம் காணவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் அவரால் நேரே மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முடியாது. அவர் போடும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. நீங்களே விண்ணப்பிக்கலாம். உங்கள் பிரதேச செயலகத்தில் கேட்டால் உங்கள் பகுதிச் சபை எங்கே, எந்த நாளில் கூடுகிறது என்று சொல்வார்கள். பெரும்பாலும் வார இறுதியில்தான் கூடும் என்பதால் பேர் (ஒருநாள் வேலைக் கணக்கு) போகாமல் போய்வரலாம். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதுங்கள். தமிழ் பேசும் மத்தியஸ்தர்கள் வேண்டும் என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.

மூன்று மத்தியஸ்தர்கள் இருந்து இரு தரப்பையும் கேட்பார்கள். சட்டத்தரணிகள் அங்கே உங்களுக்காகப் பேச முடியாது. பயப்பட வேண்டாம், உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். தடுப்பூசி அட்டை, கொடுத்த பணத்தின் விபரம், வீதியின் படங்கள், ஓட்டோ சாரதியின் பெயர் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். வாசலிலிருந்து வீதி வரையுள்ள தூரம், வளைவு எங்கே இருக்கிறது, வீதி விளக்கு உண்டா என்பதெல்லாம் படத்தில் தெரிய வேண்டும். முடிந்தால் அதே மாலை நேரத்தில் ஒரு படமும் எடுங்கள்.

இணக்கம் வந்தால் எழுத்தில் நான்கு விடயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முழுத் தொகை எவ்வளவு, மாதம் எத்தனை ரூபாய் எத்தனை தவணை, இந்த விபத்து தொடர்பாக இனி வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரி, பொலிஸ் முறைப்பாடு பற்றி இருவரும் என்ன செய்வது. தாங்கக்கூடிய தவணைக்கு மட்டும் சம்மதியுங்கள். வெட்கத்துக்குப் பெரிய தொகையைச் சொல்லிவிட்டு இரண்டாம் மாதமே தவறுவது, பேசாமல் இருப்பதைவிட மோசம்.

இணக்கம் வராமல் அவர் வழக்குப் போட்டால், நீதிமன்ற அழைப்பாணையை எந்தக் காரணத்துக்காகவும் கிடப்பில் போடாதீர்கள். போகாவிட்டால் உங்களைக் கேட்காமலே அவர் கேட்ட தொகைக்குத் தீர்ப்பாகலாம். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு சட்டத்தரணி ஒருவரை ஒழுங்குசெய்து தரும். நீதிமன்றத்தில் கேட்டால் அருகிலுள்ள அலுவலகத்தைச் சொல்வார்கள். சம்பளத் துண்டும் கிராம உத்தியோகத்தரின் கடிதமும் கொண்டு போங்கள். இப்படியான நட்டஈட்டு வழக்கை விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் தொடர வேண்டும். அதனால் “ஆறு மாதம் ஆகிவிட்டது, விட்டுவிட்டார்கள்” என்று நினைத்துப் படங்களையும் துண்டுகளையும் வீசிவிடாதீர்கள்.

நாயை எங்காவது விட்டுவிடலாமா?

வேண்டாம் அம்மா. அன்று மாலை ஏற்பட்ட பொறுப்பு அன்றே ஏற்பட்டுவிட்டது. நாயை இன்று கொண்டுபோய் விடுவதால் அது கழியாது. சாட்சியை ஒளித்ததாகத்தான் தெரியும். வேறு தோட்டத்து வீதியில் அது இன்னொருவரை விழுத்தினால் அந்த வினையும் உங்களைத் தேடி வரலாம். அந்த இளைஞர் உடம்பில் நாயின் பல்லோ நகமோ பட்டிருக்குமோ என்ற சந்தேகம் யாருக்காவது இருந்தால், நாய் உயிரோடு கண்ணுக்கு முன்னால் நிற்பது எல்லோருக்கும் நல்லது. ஐந்து வாரமாகச் சுகமாக நிற்கிறது என்பதே அவருடைய குடும்பத்துக்கு ஓர் ஆறுதல். அவர் வைத்தியரிடம் இதைச் சொல்லியிருக்கிறாரா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அடிபட்ட காலை அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்டுங்கள். ஐந்து வாரமாக ஊன்றாமல் நொண்டினால் எலும்பு பிசகிப் பொருந்தியிருக்கக்கூடும். வைத்தியச் செலவுத் துண்டை வைத்திருந்தால், பங்கு பிரிக்கும் பேச்சில் அதையும் கணக்கில் சேர்க்கச் சொல்லலாம்.

அங்கேயே கருத்தடை சத்திரசிகிச்சை பற்றியும் கேளுங்கள். ஆண் நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுவது பெரும்பாலும் பக்கத்தில் எங்கோ பெட்டை நாய் பருவத்துக்கு வந்திருக்கும்போதுதான். கருத்தடை செய்தால் அந்த அலைச்சல் வெகுவாகக் குறையும். கொக்கியை வீசிவிட்டு, சுழலும் வளையம் உள்ள கொக்கியோடு வெல்டிங் செய்த சங்கிலி வாங்குங்கள். சுழலாத கொக்கிதான் முறுக்கேறிக் கழல்கிறது. சுவரில் அடித்த ஆணியில் கட்டாதீர்கள். காம்பராவின் பின்பக்கம் இரண்டு கம்பங்களுக்கிடையே இருபது அடிக்கு உறுதியான கம்பி இழுத்து, அதில் வளையம் போட்டு, வளையத்தில் சங்கிலியை மாட்டினால் நாய் நடக்கவும் முடியும், வீதியை எட்டவும் முடியாது. இருபத்துநாலு மணிநேரமும் குட்டைச் சங்கிலியில் கிடக்கும் நாய் மூர்க்கமாகும். ஆட்களும் வாகனங்களும் கூடும் காலை ஐந்தரை முதல் ஏழரை வரையும், மாலை ஐந்து முதல் இரவு வரையும் கட்டாயம் கட்டுங்கள்.

பின்னால் நிற்கும் மாடுகள்

உண்மையைச் சொன்னால் எனக்கு நாயைவிட இந்த மாடுகள்தான் கவலை. நாயில் பட்டால் எலும்பு முறியும். பனிமூட்டத்தில் நானூறு கிலோ மாட்டில் மோட்டார் சைக்கிள் மோதினால் ஆள் பிழைப்பது அதிர்ஷ்டம். மாட்டின் உடல் இருட்டோடு இருட்டாக நிற்கும். முன்விளக்கில் கண் மினுங்குவதும் மாடு தலையைத் திருப்பியிருந்தால்தான். ஒரு மாடு “இடைக்கிடை வீதிக்கு வரும்” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு ஏதும் நடந்தால், முன்கூட்டியே தெரிந்திருந்தது என்பதற்கு அதுவே சான்றாகும். வீதியில் அலையும் மாட்டைப் பிரதேச சபை பிடித்துக் கட்டவும், தண்டமும் பராமரிப்புச் செலவும் அறவிடவும் முடியும்.

பால் மாடு பட்டியை உடைத்துக்கொண்டு ஓடுவது பெரும்பாலும், ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை சூட்டுக்கு வரும்போதுதான். கத்திக்கொண்டே நிற்கும், தீனியைக் குறைக்கும், மற்ற மாட்டின் மேல் ஏறும். சினைப்படாத மாட்டுக்கு முதல் நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். பதினெட்டாம் நாளிலிருந்து இருபத்துநாலாம் நாள் வரை புல்லுக்கு அவிழ்த்துவிடாமல் பட்டியிலேயே தீனி போடுங்கள். செயற்கை முறைச் சினைப்படுத்தலுக்கு ஆள் கூப்பிடவும் அதே குறிப்பு உதவும். நைலோன் கயிறு கழுத்தருகிலும் முளையருகிலும்தான் முதலில் நைந்துபோகும். மாதம் ஒருமுறை அந்த இரண்டு இடத்தையும் கையால் முறுக்கிப் பாருங்கள். மேய்ச்சலுக்குக் கட்டும்போது, கயிறு முழுதாக நீண்டாலும் வீதியோரத்துக்குப் பத்தடி மிச்சம் இருக்கும்படி முளையை அடியுங்கள். பட்டிக் கதவின் குறுக்குக் கம்பை மாடு முகத்தால் தள்ளித் திறக்கப் பழகிவிடும். வெளிப்பக்கம் ஒரு கொண்டி போட்டுவிடுங்கள். கழுத்துக் கயிற்றில் ஒளி தெறிக்கும் பட்டியைச் சுற்றிவிட்டால், தப்பித்தவறி வெளியே போனாலும் வளைவில் வருகிறவர் கண்ணில் அது முன்கூட்டியே படும்.